தொய்வாகக் கட்டிய வலை

எங்கள் வீட்டில் குழந்தைக்கு எதெல்லாம் ஆபத்து என்று ஒரு திங்கட்கிழமை காலை எண்ண ஆரம்பித்தேன். மண் அடுப்பு, டி.வி.க்கு வைத்திருக்கும் கார் பேட்டரி, குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த பெட்ரோல், தூண்டில் முள் டப்பா, மூன்று கத்திகள். அப்புறம் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். அடியிலும் தண்ணீர். அந்த இடத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

தொன்லே சாப் ஏரியில் மிதக்கிற வீடு அது. மூங்கில் கட்டுகளின் மேல் பலகை, பலகையின் மேல் தகரக் கூரை. தரைக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. நான் பிறந்ததும் இப்படிப்பட்ட வீட்டில்தான், என் மனைவி மாலிஸ் பிறந்ததும் இப்படிப்பட்ட வீட்டில்தான். எங்கள் மகள் நிமோலுக்கு ஒன்பது மாதம் ஆகி, அவள் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர ஆரம்பித்த அன்றுதான் இந்த ஏரி எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது.

மாலிஸுக்கு அடுத்த வாரம் படகில் வியாபாரத்துக்குத் திரும்பியாக வேண்டும். அரிசி நூடுல்ஸும் மீன் குழம்பும் அவள் வைத்தால் மூன்று தண்ணீர்ச் சந்து தள்ளியிருக்கிற வீடுகள்கூட காத்திருந்து வாங்கும். நிமோல் வயிற்றில் வந்ததிலிருந்து அவள் போகவில்லை, வாடிக்கையெல்லாம் வேறொருத்தியின் படகுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் விடிவதற்கு முன் மீனுக்குப் போய் வெயில் ஏறுமுன் வந்துவிடுவேன். அதனால் பகலில் குழந்தை என் பொறுப்பு என்று முடிவானது.

"அவளைத் தண்ணில எறக்கிப் பழக்கிடுவோம்யா," என்றாள் மாலிஸ். "ஆறு மாசத்துலயே எறக்கியிருக்கணும். கயித்தைப் புடிச்சுக்கத் தெரிஞ்சாப் போதும், பொழைச்சுக்குவா."

"வேணாம்."

"ஊரே அப்படித்தானே வளக்குது? நீ என்ன பட்டணத்துலயா பொறந்த?"

"வேணாம்னா வேணாம். எனக்கு அஞ்சு நாள் குடு. இந்த வீட்டுல ஒரு எறும்புகூட தண்ணில விழாத மாதிரி பண்ணிக் காட்டறேன்."

நான் மறுத்த காரணம் அவளுக்குத் தெரியும். எனக்கு ஏழு வயதில் சொக்லி என்று ஒரு தங்கை இருந்தாள். ரெண்டு வயது. பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அம்மா சந்தைக்குப் போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது, அதை இழுத்துக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் இல்லை. தண்ணீர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அவள் காலில் மணி இல்லை, அந்த வாரம்தான் கயிறு அறுந்திருந்தது.

அதனால் நிமோலுக்கு முதல் வேலையாக மணி கட்டினேன். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளின் காலிலும் மணி உண்டு, மணி அடித்தால் பிள்ளை பலகை மேல் இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் ஒன்று கட்டுவார்கள். நான் நெல்லிக்காய் அளவில் ரெண்டு பித்தளை மணியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து இடது காலில் கட்டினேன். அதை ஆட்டிப் பார்த்து, வீட்டின் பின்கோடிக்குப் போய்க் கேட்கிறதா என்று பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று படகில் ஏறிப் பத்து பாக தூரம் தள்ளிப்போயும் கேட்டுப் பார்த்தேன். கேட்டது.

பிறகு வேலை வேகமெடுத்தது. பேட்டரியை அலமாரி மேல் ஏற்றினேன். அடுப்பைச் சுற்றி மரப்பெட்டி அடித்தேன். பெட்ரோல் பாட்டில்கள் படகுக்குப் போயின. கத்திகள் மூன்றையும் பழைய துணியில் சுற்றி, கூரை விட்டத்தில் வைத்து, ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அன்று மாலை குழம்புக்கு இஞ்சி நறுக்க மாலிஸ் கத்தி தேடியபோது வீட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

"ஒம்பது மாசப் புள்ள விட்டத்துல ஏறுமா?"

"நாளைக்கு வளராதா?"

"வளந்தா நான் இஞ்சியப் பல்லால கடிச்சுப் போடணுமா?"

சமையல் பக்கத்துக்கும் முன்கூடத்துக்கும் நடுவில் இடுப்பளவு தட்டி வைத்துக் கட்டினேன். தரையில் விரல் நுழைகிற இடுக்கையெல்லாம் தார் பூசி அடைத்தேன். கடைசியாக வலை. முன்கூடத்தின் மூன்று பக்கமும் திறந்தவெளி. பலகை அடிக்கலாம்தான். ஆனால் காற்று அடித்தால் பலகைச் சுவர் படகுப் பாய் மாதிரி வீட்டையே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் என்னிடமிருந்த நைலான் நரம்பு வலையை எடுத்தேன். தலைமுடி கனத்தில் கண்ணுக்கே தெரியாத நரம்பு, நாலு விரல் அகலக் கண்ணி. கூரை ஓரத்திலிருந்து தரையின் ஓரம்வரை இறக்கி, கீழே சாணுக்கு ஒரு ஆணி அடித்து மாட்டினேன். சனிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். கை தானாக ஓடியது. பதினாலு வயதிலிருந்து வலை கட்டுகிற கை.

பக்கத்து வீட்டு சவூன் அக்கா அவள் வீட்டு ஓரத்தில் உட்கார்ந்து மீன் தலை வெட்டியபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாய்க்கு இந்த ஏரியில் பயப்படாத ஆள் கிடையாது.

"தம்பி சாரோம், வலை ரொம்ப அழகா தொங்குது. மீனுக்குக் கட்டினியா, புள்ளைக்குக் கட்டினியா?"

"சிரிங்கக்கா, சிரிங்க. ஆறு புள்ள பெத்தவங்க, உங்களுக்கு என்ன."

"ஆறையும் தண்ணில போட்டுத்தான்டா வளத்தேன். ஒண்ணும் கரைஞ்சு போவல."

நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது, அது என் மண்டையில் ஏறவில்லை.

திங்கட்கிழமை மாலிஸ் போனாள். குழம்புப் பானையைப் படகில் வைத்துவிட்டு, குழந்தையை முத்தமிட்டுவிட்டு, ரெண்டு தடவை திரும்பி வந்தாள். ஒரு தடவை கரண்டி மறந்துவிட்டதாம். இன்னொரு தடவை என்ன மறந்தது என்று அவளே சொல்லவில்லை. அன்று முழுக்க நான் குழந்தையிடமிருந்து ரெண்டு கை தூரம்கூட விலகவில்லை. மூத்திரத்துக்குப் போகும்போதும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். செவ்வாயும் அப்படியே போயிற்று. நிமோல் நகர்ந்தாள், மணி அடித்தது, வலையைத் தொட்டாள், சிரித்தாள். புதன்கிழமை எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை காலை படகின் எஞ்சின் மக்கர் செய்தது. வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து ப்ளக்கைக் கழற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து முன்கூடம் தெரியாது, நான் வைத்த தட்டி மறைக்கும். அதனால் என்ன, காது இருக்கிறதே. ஜல்ஜல்ஜல் என்று கேட்டது. நின்றது. "நிமோல்!" என்று கூப்பிட்டேன். மறுபடி ஜல்ஜல்ஜல். இப்படியே கொஞ்ச நேரம் போனது. அப்புறம் ஒரு தடவை மணி நின்றது, நான் கூப்பிட வாயெடுக்கும்போதே ஜல் என்றது. சரி என்று ப்ளக்கைத் திரும்பச் சுரண்டினேன்.

ஜல். கொஞ்சம் விட்டு, ஜல். இன்னும் கொஞ்சம் விட்டு, ஜல்.

காய்கறிப் படகு ஒன்று பின்பக்கச் சந்தில் போயிற்று. படகுக்காரனுக்குக் கை காட்டினேன், அவனும் காட்டினான். அவன் போனதும் மணி மெல்ல ஓய்ந்தது. குழந்தை தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு மண்ணெண்ணெய் விற்கிற பெரிய படகு வந்தது. அது கிளப்பிய அலையில் வீடு ஏறி இறங்கியது, என் மடியிலிருந்த ஸ்பானர் நழுவியது. ஜல். வீடு ஏறியது, இறங்கியது. ஜல். ஏறியது, இறங்கியது. ஜல்.

குழந்தை நகர்ந்தால் மணி அப்படி அடிக்காது. அவள் அவசரக்காரி, பரபரவென்று பத்து அடி போய் நிற்பாள். இது என் வலையில் மிதவை ஆடுகிற கணக்கு. மணியை அடிப்பது என் மகள் இல்லை, ஏரி.

நான் எழுந்து ஓடினேன். இடுப்பளவு தட்டி குறுக்கே நின்றது. அதைக் கட்டின மடையன் கதவு வைக்கவில்லை. ஏறிக் குதித்ததில் முழங்கால் தோல் பெயர்ந்தது, அது அப்புறம்தான் தெரிந்தது. முன்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கிடந்தது, குழந்தை இல்லை. கிழக்குப் பக்க வலை வெளியே தண்ணீர்ப் பக்கம் பை மாதிரி பிதுங்கியிருந்தது. தரை ஓரத்து ஆணியில் சிவப்புக் கயிறும், அதில் ஒரு சின்னப் பாதமும் தெரிந்தன.

அவள் வலை மேல் சாய்ந்திருக்கிறாள். நான் வலையைத் தொய்வாகக் கட்டியிருந்தேன். விறைப்பாகக் கட்டினால் மீன் மோதித் திரும்பிவிடும், தொய்வாக இருந்தால்தான் உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். பதினைந்து வருஷம் கற்ற கை அதைத்தான் செய்யும், அதைத்தான் செய்திருந்தது. என் மகளை வலை வாங்கிக்கொண்டு, தரைக்கு வெளியே எடுத்துப்போய், தண்ணீருக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மணி கண்ணியில் முறுக்கி ஆணியில் மாட்டியிருந்தது. கைகள் ரெண்டும் கண்ணிக்குள் போயிருந்தன. ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் அவள் நெற்றியைத் தாண்டி மூக்குவரை வந்து போயிற்று. அவள் அழவில்லை. அழுவதற்கு மூச்சு மிச்சமில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். என் எடை பட்டதும் ஒரு ஆணி பிடுங்கிக்கொண்டது, அவள் இன்னும் ஒரு விரல் கீழே போனாள். சட்டென்று பின்வாங்கினேன். இழுத்தால் நரம்பு இறுகும், சாய்ந்தால் ஆணி பிடுங்கும். அறுக்க வேண்டும். கத்தி விட்டத்தில் இருந்தது, துணிக்குள், ஏழு முடிச்சுக்குள்.

"சவூன் அக்கா! அக்கா! கத்தி!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பொத்தென்று தண்ணீரில் சத்தம் கேட்டது. ஐம்பது வயது மனுஷி, பாவாடையோடு குதித்து, நாலு வீச்சில் நீந்தி வந்து, வலைக்கு வெளியே நின்றபடியே நீந்திக்கொண்டு நிமோலின் தலையை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினாள். குழந்தைக்கு ஒரு மூச்சு கிடைத்தது. அந்த மூச்சின் சத்தம் எனக்குக் கேட்டது.

"கத்தி எங்கக்கா?"

"கத்தியா புள்ளையான்னு பாத்தேன், புள்ளைதான்னு குதிச்சேன். கடிடா!"

"என்னது?"

"பல்லு இருக்குல்ல? கடி!"

நான் கடித்தேன். தரையோரத்தில் முகத்தை வைத்து, நிமோலின் கணுக்காலுக்கும் ஆணிக்கும் நடுவில் பல்லை நுழைத்து, நரம்பை ஒவ்வொன்றாகக் கடித்தேன். உதடு கிழிந்தது. நல்ல நரம்பு, போன வருஷம் பார்த்துப் பார்த்து வாங்கியது, சுலபத்தில் அறுகிற சரக்கு இல்லை. மணி என் மூக்குக்கு நேரே கிடந்து ஒவ்வொரு அலைக்கும் அடித்தது. கடைசியில் அந்தச் சிவப்புக் கயிற்றையும் சேர்த்துக் கடித்தேன், பாதம் கழன்றது. சவூன் அக்கா வலையோடு சேர்த்துக் குழந்தையை மேலே தள்ளினாள், நான் வாங்கினேன்.

நிமோல் வாந்தி எடுத்தாள். அப்புறம் அழுதாள். அவள் அழுத அழுகைக்கு ரெண்டு சந்து தள்ளிப் படகுகள் நின்றன. நானும் அழுதேன். சவூன் அக்கா ஈரத்தோடு பலகையில் உட்கார்ந்து, குழந்தையின் கையைக் கண்ணியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டிருந்தாள். மீனுக்குக் கட்டினியா என்று அவள் கேட்டதை மறுபடி பேச்சில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மாலிஸ்கிட்ட நீயே சொல்லு," என்றாள் எழுந்து போகும்போது. "நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

மதியம்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தொடையிலும் கன்னத்திலும் கண்ணி அழுத்திய சிவப்புக் கட்டங்கள் இருந்தன. அவை மறைந்துவிடாதா, மாலிஸ் வருமுன் மறைந்துவிடாதா என்று பார்த்தேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் பார்த்தேன். சட்டை போட்டு மூடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். மூடவில்லை.

மாலிஸ் காலிப் பானையோடு சிரித்துக்கொண்டு வந்தாள். எல்லாம் விற்றுவிட்டது. படகைக் கட்டும்போதுதான் கிழக்குப் பக்க வலையைப் பார்த்தாள். பிறகு என் உதட்டைப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ப்ளக், மணி, அலை, தொய்வு, கத்தி, எதையும் விடவில்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்ளோ நேரம் தொங்கினா?"

"தெரியல."

"தெரியலயா?"

"மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, மாலிஸ்."

அவள் திரும்பிக் குழந்தையின் கன்னத்துச் சிவப்புக் கட்டங்களைத் தடவினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வெயில் சாய்ந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கித் தண்ணீரில் நின்றாள். நிமோலின் கையைப் படகுக் கயிற்றில் வைத்து மூடினாள். விட்டாள், பிடித்தாள், மறுபடி வைத்தாள். நான் தடுக்கவில்லை. தடுப்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? ஆணிகளைப் பிடுங்கி வலையைச் சுருட்டிக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். முன்கூடத்தின் மூன்று பக்கமும் பழையபடி வெறுமையாயின.

மறுநாள் விடியலில் மீனோடு திரும்பும்போது எனக்கு ஒரே நினைப்புதான். அவள் இனி குழந்தையை என்னிடம் விடமாட்டாள். ஒன்று வியாபாரத்தை விட்டுவிடுவாள், இல்லையென்றால் கொதிக்கிற குழம்புப் பானைக்குப் பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்துப் படகில் கொண்டுபோவாள். எதுவானாலும் அது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் படகு தயாராக நின்றது. பானை, கிண்ணங்கள், கீரைக்கட்டு. நிமோல் பலகை மேல் உட்கார்ந்து கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். காலில் மணி இல்லை.

"உக்காரு," என்றாள் மாலிஸ்.

உட்கார்ந்தேன்.

"காலை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுய்யா."

நீட்டினேன். அவள் இடுப்பிலிருந்து அந்த ரெண்டு மணிகளையும் எடுத்தாள். புதுச் சிவப்புக் கயிறு போட்டிருந்தாள். என் இடது கணுக்காலைச் சுற்றிக் கட்டினாள். ஒரு முடிச்சு, ரெண்டு, மூன்று. ஒன்று வழுக்கியது, திரும்பவும் போட்டாள். ஏழு வந்ததும் நிறுத்தினாள்.

"அவ காலுல இருந்தா நீ காதால பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப," என்றாள். "இனிமே கண்ணால பாரு. அவ எங்க போறாளோ பின்னாடியே போ. சவூன் அக்காகிட்ட சொல்லிட்டேன். உன் மணி நின்னா அவங்க கேப்பாங்க."

"ஊரே சிரிக்கும், மாலிஸ்."

"சிரிக்கட்டும்."

குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். முத்தமிட்டாள். இந்தத் தடவை கரண்டிக்காக அவள் திரும்பி வரவில்லை, துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிமோல் மடியிலிருந்து இறங்கிப் பரபரவென்று கிழக்குப் பக்கம் போனாள். நான் எழுந்து பின்னால் போனேன், ஜல்ஜல் என்றது. அவள் ஓரத்தில் நகர்வதை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்தாள். நான் அவள் சட்டைக்கு ஒரு சாண் பின்னால் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"தம்பி!" சவூன் அக்கா அவள் வீட்டிலிருந்து கத்தினாள். "செத்துட்டியா?"

"இருக்கேன்கா!"

"சத்தத்தையே காணோம்!"

சந்தின் திருப்பத்தில் மாலிஸின் படகு நின்றிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் துடுப்பைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்திருந்தாள். குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல் நான் இடது காலைத் தூக்கிப் பலகையில் ஓங்கித் தட்டினேன். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூன்றாவது தடவை. அதன் பிறகுதான் துடுப்பு தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது.